இரண்டு சக்கர வீரம்

உயரமான கார்களின் மேல் எனக்கு ஜன்மப் பகை ஒன்றும் கிடையாது. பட்டினப்பாக்கத்தில் குடியிருப்பவனுக்கு அப்படி ஒரு பகை இருந்தால் அவன் தெருவில் நடமாடவே முடியாது. எங்கள் தெருவில் மட்டும் பதினொன்று நிற்கின்றன. மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போய் வாழைப்பூ வாங்கி வருகின்றன. குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிக்கின்றன. சாதுப் பிராணிகள். தெருவில் மழைத் தண்ணீர் நின்றால் சின்னக் கார்களைக் காட்டிலும் கொஞ்சம் தைரியமாகப் போகின்றன. அந்தப் பெருமையையும் நான் மறுக்கவில்லை.

என் சண்டையெல்லாம் அவற்றின் முதுகில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு பொய்யோடுதான். அந்தப் பொய்யை டெலிவிஷனில் நாள் தவறாமல் காட்டுகிறார்கள். மலைச் சாலையில் வெண்பனியை வாரி இறைத்துக்கொண்டு ஒரு கார் ஏறுகிறது. தகப்பனார் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு புன்னகை செய்கிறார். பின்னால் இரண்டு குழந்தைகள் கை கொட்டுகின்றன. பார்க்கிற நமக்கு என்ன தோன்றுகிறது? கார் உயரமாக இருந்தால் இமயமலை பணிந்துவிடும் என்று தோன்றுகிறது.

1941-ல் அமெரிக்கர்கள் யுத்தத்துக்காகச் செய்த ஜீப்பில் எஞ்சினின் விசை நாலு சக்கரத்துக்கும் போயிற்று. சேற்றிலும் மணலிலும் அது பேர் வாங்கியது அதனால்தான். இன்றைக்கு எஸ்.யூ.வி. என்ற பெயரில் நம் நாட்டில் விற்கிற கார்களில் பெரும்பாலானவற்றில் விசை இரண்டே சக்கரத்துக்குத்தான் போகிறது; அதுவும் பெரும்பாலும் முன் சக்கரங்களுக்கு. மற்ற இரண்டும் சும்மா கூட உருளுகின்றன. ஜீப்பின் சட்டையை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பக் கார் என்று சொன்னால் தப்பில்லை.

எதிர் வீட்டு நண்பர் பாங்கியில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் இந்த ரகத்தில் ஒன்றை வாங்கப் போகிறான். வாங்கின கையோடு டிசம்பரில் மனைவி மக்களுடன் மணாலிக்கு அதிலேயே பிரயாணம். சென்னையிலிருந்து சுமார் 2,700 கிலோமீட்டர். நண்பருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுப்பு உண்டா?" என்று கேட்டேன்.

"கார் என்றால் நாலு சக்கரம்தானே, சார்?" என்றார்.

இந்தப் பதிலுக்காக அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. விற்கிறவர்களே சொல்லாத விஷயத்தை வாங்குகிறவர் எப்படி அறிவார்? காரைப் பார்க்க அவர்களோடு நானும் போயிருந்தேன். கடையிலிருந்த இளைஞர், கூரை திறப்பதைக் காட்டினார். ஆசனம் குளிர்வதைக் காட்டினார். முன்னால் இருக்கும் சினிமாத் திரையைக் காட்டினார். "எந்தச் சக்கரத்தில் ஓடுகிறது?" என்றதும் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் கழித்து வந்தார். "முன் சக்கரம், சார். ஆனால் ஸ்னோ மோடு இருக்கிறது!" என்று ஒரு திருகைக் காட்டினார். பனி, சேறு, மணல் என்று அதில் மூன்று நிலைகள்.

அந்தத் திருகு செய்வது இவ்வளவுதான்: எஞ்சின் திமிறாதபடி அடக்கும், வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, சுழலாத சக்கரத்துக்கு விசையைத் தள்ளும். நல்ல காரியந்தான். ஆனால் பனிக்கட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பது திருகு அல்ல, டயர். கார் எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அகலந்தான். அந்த நாலு உள்ளங்கைகளுக்குப் பிடி இல்லையென்றால் திருகை எந்தப் பக்கம் திருகி என்ன பயன்?

இதில் பாதி உண்மையை அறிய மணாலி வரை போக வேண்டியதில்லை. எங்கள் கடற்கரை மணலே போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பேர்வழி காரை இன்னும் கொஞ்சம் அலைக்குப் பக்கத்தில் நிறுத்தலாமென்று உள்ளே விடுவார். முன் சக்கரம் இரண்டும் குழி தோண்டும். அவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார், குழி ஆழமாகும். சீனிவாசபுரத்துப் பையன்கள் வலை பின்னுவதை விட்டுவிட்டு வருவார்கள். "மிதிக்காதே சார், காத்தை இறக்கு!" என்பார்கள். டயரில் காற்றைக் குறைத்துவிட்டு நாலு பேர் தள்ளினால் வண்டி வெளியே வந்துவிடும். பரம்பரையாக மணலில் படகு இழுத்தவர்களுக்குத் தெரிந்த பௌதிகம், ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தெரியவில்லை.

ஆனால் மணலுக்கும் பனிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மணல் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நஷ்டம் அரை மணி நேரமும் கொஞ்சம் மானமும். பனி வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, விட்டுவிடும். மலைச் சாலையில் அது விட்டுவிடுவது பெரும்பாலும் பள்ளத்தாக்குப் பக்கமாகத்தான். காற்றை இறக்குகிற வைத்தியமெல்லாம் இறுகிப்போன பனிச் சாலையில் பலிக்காது.

நம் பாஷையும் இந்த மயக்கத்துக்குக் கொஞ்சம் உடந்தை. மார்கழியில் "பனி கொட்டுகிறது" என்று தலையில் மப்ளரைச் சுற்றிக்கொள்கிறோமே, அதுவும் பனி. ஊட்டியில் தலைகுந்தாப் புல்வெளி விடியற்காலையில் வெளுத்துக் கிடப்பதும் பனி. வெயில் ஏறினதும் போய்விடும். சாலையில் ஒரு முழ உயரம் விழுந்து, ஆயிரம் வண்டிகளின் டயரில் நசுங்கி, ராத்திரியில் கண்ணாடியாக உறைகிறதே, அதற்கும் அதே பனி என்ற சொல்தான். முதல் இரண்டையும் பார்த்தவர் மூன்றாவதையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

முன்பெல்லாம் ரோதங் கணவாய் நம்மவர்களைக் காப்பாற்றி வந்தது. பதின்மூவாயிரம் அடி உயரம். பனிக்காலம் வந்தால் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். 2020 அக்டோபர் 3-ந் தேதி, மலையைக் குடைந்து 9 கிலோமீட்டர் நீளத்துக்கு அடல் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். லாஹௌல் மக்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் குளிர்காலம் முழுவதும் அடைபட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். கூடவே நம் சமவெளிச் சூரர்களும் பத்தாயிரம் அடி உயரத்துக்கு டிசம்பரிலேயே போய்ச் சேருகிறார்கள். 2024 டிசம்பர் 23-ந் தேதி, சோலங்குக்கும் அந்தச் சுரங்கத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டன. போலீஸார் ராத்திரியெல்லாம் பாடுபட்டு ஜனங்களை இறக்கிவந்தார்கள். கனமாகப் பனி விழும் நாட்களில், நாலு சக்கர இழுப்பு உள்ள வண்டி அல்லது சங்கிலி கட்டின வண்டி தவிர மற்றவற்றை அங்கே மேலே விடுவதில்லை. விடாவிட்டால் நம்மவர்கள் போலீஸ்காரரோடு சண்டை பிடிக்கிறார்கள். "இது எஸ்.யூ.வி. ஐயா!" என்று!

ஆயிரம் வண்டிகள் மாட்டியும் எல்லோரும் பிழைத்தார்களே என்று யாரும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். 2022 ஜனவரி 7-ந் தேதி இரவு, பாகிஸ்தானில் மரீ என்ற மலைவாசஸ்தலத்துக்குப் பனி பார்க்கப் போன குடும்பங்கள் சாலையிலே நின்றுவிட்டன. குளிர் தாங்காமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு காருக்குள்ளேயே தூங்கினார்கள். பனி ஏறி, புகைக் குழாய் மூடிக்கொண்டால் அந்தப் புகை உள்ளேதான் வரும். அதிலுள்ள விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விடிந்தபோது குறைந்தது 22 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் குழந்தைகள். குளிரால் மட்டுமல்ல, புகையாலும் இறந்தார்கள் என்று அப்போது சொன்னார்கள். விளம்பரத்தில் கை கொட்டுகிற குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகந்தான் வருகிறது.

"அப்படியானால் நாலு சக்கர இழுப்பு உள்ளதையே வாங்கிவிட்டால் போகிறது" என்று எனக்குப் பதில் சொல்ல ஒரு கோஷ்டி உண்டு. பணம் இருக்கிறவர்கள் எந்தக் கேள்விக்கும் இன்னொரு சாமானை விடையாக வைத்திருப்பார்கள். நாலு சக்கர இழுப்பு வண்டியைக் கிளப்பும், ஏற்றத்தில் ஏற்றும், நிறுத்தாது. நிறுத்துவது பிரேக். பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் உண்டு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கை மிதித்தால், உலர்ந்த தார் ரோட்டில் சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். இறுகின பனியில் சுமார் 30 மீட்டர்; கண்ணாடி மாதிரி உறைந்த இடத்தில் 60 மீட்டர். இறக்கத்தில் இன்னும் அதிகம். பள்ளத்தாக்கு அறுபது மீட்டர் காத்துக்கொண்டிருக்குமா? கிளம்ப முடியாமல் நிற்கிற இரண்டு சக்கரக்காரனாவது இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறான். கிளம்பிவிட்டு நிறுத்த முடியாத நாலு சக்கரக்காரன் அவன் மேல் வந்து இடிக்கிறான்.

ஒரு நண்பரின் மருமகள் முறையுள்ள பெண், டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து போன தமிழர்கள் நிறையக் குடியிருக்கும் இடம். அவள் ஓட்டுவது நம் ஊர் டாக்ஸி மாதிரி ஒரு சின்னக் கார். முன் சக்கர இழுப்புத்தான். நவம்பர் வந்தால் நாலு டயரையும் கழற்றிவிட்டுக் குளிர்கால டயர் போட்டுக்கொள்கிறாள். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடியை இழந்துவிடும். இந்த டயரின் ரப்பர் இளகியே இருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் இப்படி மாற்றுவது 2008 முதல் சட்டம். அந்தப் பெண் மெதுவாக ஓட்டுகிறாள், முன் வண்டிக்கு வெகு தூரம் விட்டுப் போகிறாள், வேலைக்குப் போய் வருகிறாள். அவளை வைத்து யாரும் விளம்பரப் படம் எடுக்கப் போவதில்லை.

ஆகவே இரண்டு சக்கர இழுப்பைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. எஞ்சின் பாரம் முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பதால் சம தரைப் பனியில் அது நன்றாகவே போகும். ஏற்றத்தில்தான் பாரம் பின்னால் சாய்ந்து முன் சக்கரம் லேசாகிப் போகிறது. அதற்குத்தான் சங்கிலி. அதையும் எஞ்சின் இழுக்கிற சக்கரத்தில் கட்ட வேண்டும். முன்னால் போகிற ஜீப்பைப் பார்த்துவிட்டுப் பின் சக்கரத்தில் கட்டினால், காலுக்குப் போட வேண்டிய செருப்பைக் கையில் மாட்டிக்கொண்ட கதைதான். வெயிலுக்கென்று செய்த டயரோடு, சங்கிலியும் இல்லாமல், எந்தச் சக்கரம் இழுக்கிறது என்றும் தெரியாமல், உயரத்தை மட்டும் நம்பிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அதைத்தான் நான் குற்றம் என்கிறேன். அப்படிப் போகலாமென்று ஆசை காட்டுகிற கம்பெனிகளுக்கும் அதில் பங்கு உண்டு. சிகரெட் பெட்டியில் படம் போட வைத்த சர்க்கார், பனியில் கார் ஓடும் விளம்பரத்தில் "இந்த வண்டி இரண்டு சக்கரத்தில் ஓடுவது, பனிக்கு வேறு டயர் வேண்டும்" என்று பெரிய எழுத்தில் போட வைத்தால் என்ன?

நண்பரின் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். மணாலி வரை உன் காரில் போ, அதற்கு மேல் அந்த ஊர்க்காரன் வண்டியில் அவனையே ஓட்டச் சொல்லிப் போ என்றேன். "அவ்வளவு தூரம் போய் வாடகை வண்டியா, அங்கிள்? அப்புறம் நான் எதுக்கு இதை வாங்கினேன்?" என்றான். கேள்வி நியாயந்தான், அதைக் கடைக்காரரிடம் கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம் நண்பர் ஒரு நல்ல சேதியோடு வந்தார். மகன் சங்கிலி வாங்கிவிட்டானாம், ஒரு ஜோடி.

"எந்தச் சக்கரத்தில் கட்டப் போகிறானாம்?" என்று கேட்டேன்.

கேட்டு வந்து சொல்வதாகப் போயிருக்கிறார்.