புல்லுக்கு வார்த்த லாரி

எங்கள் தெருக்கோடி வீட்டு நண்பர் ஒரு ரசிகர். வாசலில் கொரியன் புல் பதித்து, நடுவில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சென்னை வெயிலில் யார்தான் உட்காருவார்கள்? உச்சிப் பொழுதில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லுக்கு ஸ்நானம் செய்விப்பார். பாதி வேருக்கு, பாதி சூரிய பகவானுக்கு.

2019-ஆம் வருஷக் கோடை நினைவிருக்கிறதல்லவா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்பாள். காலையில் பாத்திரம் தேய்க்கும்போதே கண் செருகும். அந்த மாதங்களிலும் நண்பரின் புல் பச்சைப் பசேலென்றுதான் இருந்தது. மெள்ளக் கேட்டேன்.

"காசு கொடுத்து வாங்குகிறேன் ஸார், யார் வீட்டிலும் திருடவில்லையே!" என்றார்.

இந்தக் காசு நியாயம்தான் எனக்குப் பிடிபடுவதில்லை. தண்ணீர் லாரியிலா ஊறுகிறது? நகரத்தைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு கிராமத்தின் வயல் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைத்தது அது. காசு வாங்கியவர் ஒருவர். கிணறு இறங்கிப் போனவர்களோ அக்கம்பக்கத்து வயல்காரர்கள். அவர்களுக்கும் நண்பர் பணம் கொடுத்தாரா?

கணக்குப் பாருங்கள். கோடையில் புல்தரை சதுர மீட்டருக்கு நாள்தோறும் சுமார் ஐந்து லிட்டர் குடிக்கும். நாற்பது சதுர மீட்டருக்கு இருநூறு லிட்டர். பதினைந்து லிட்டர் குடமானால் பதின்மூன்று குடத்துக்கு மேல். எங்கள் அம்மாள் இரவு விழித்துக் கொண்டுபோனது நாலு குடம்.

"அப்படியானால் செடி கொடியே வேண்டாமா? கதை எழுதுகிறவர் பேசுகிற பேச்சா இது?" என்று கேட்பீர்கள். யார் வேண்டாம் என்றது? என் பாட்டி வீட்டுக் கொல்லையில் வாழை, தென்னை, செம்பருத்தி, கறிவேப்பிலை எல்லாம் இருந்தன. அவற்றுக்கென்று பாட்டி தனியாக ஒரு வாளி இறைத்ததில்லை. குளித்த நீர் வாய்க்காலாக வாழைக்கும் தென்னைக்கும் ஓடும். அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கு. உதிர்ந்த சருகை வேரடியிலேயே ஒதுக்கி மூடுவாள். மண் ஈரம் காயாது. நாமோ சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டு, மண் காய்கிறதே என்று குழாயைத் திறக்கிறோம்! (இன்றைய சலவைத் தூள் வேறு சரக்கு, அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் விட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். கல்வாழைக்கு விடலாம்.)

ஆகாயம் கொடுப்பதை நாம் வாங்கிக்கொள்ளாததுதான் பெரிய வேடிக்கை. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக்கு இருபத்தாறு லாரி! வாசல் முழுதும் சிமெண்டைப் பூசி, இருபத்தாறு லாரியையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, மாசியில் லாரிக்காரருக்கு டெலிபோன் செய்கிறோம். மழைநீர்க் குழி கட்டாயம் என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. எல்லோர் வீட்டிலும் குழி இருக்கிறது, அதிகாரிக்குக் காட்ட.

நான் மட்டும் யோக்கியனா? என் வாசலிலும் சிமெண்டுதான் இருந்தது. இந்தக் கட்டுரைக்குப் பேனா எடுக்குமுன் வெட்கப்பட்டு, ஆள் வைத்துப் பாதியை உடைத்தேன். அப்படியே மழைநீர்க் குழியின் மூடியையும் பெயர்த்துப் பார்த்தோம். கழுத்து வரை வண்டல். மேலே என் மகன் எப்போதோ தொலைத்த கிரிக்கெட் பந்து.

உடைக்கிற சத்தம் கேட்டு நண்பர் எட்டிப் பார்த்தார். "புல் போடப் போகிறீர்களா ஸார்? நல்ல ஆள் இருக்கிறான், அனுப்பட்டுமா?" என்றார்.