‘பறக்க முடியாது’ என்று சொல்ல யாரால் முடியும்?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் மேற்படிப்பு ஆலோசனைக்காக நம் குடியிருப்புகளில் உட்காருகிறோம். சில ஆண்டுகளாக அங்கே ஒரு புதிய கேள்வி வருகிறது: "பைலட்டுக்குப் படிக்கலாமா?" கேட்பவர்கள் கணிதமும் இயற்பியலும் படித்த நம் வீட்டுப் பெண்களும் பையன்களும்தான். தலைமுறை தலைமுறையாக மலக்குழிக்குள் இறக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள் விமானியின் இருக்கையைக் கேட்பதில் நமக்கு மகிழ்ச்சியே. "அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று அடக்கும் குரல் நம்முடையது அல்ல.

ஆனால் பயிற்சி நிலையங்களின் விளம்பரம் சொல்லாததை நாம் சொல்லியாக வேண்டும். "ஏர்லைன்ஸில் இடம் கிடைக்காவிட்டால் என்ன, பிரைவேட் ஜெட் கம்பெனிகள் இருக்கின்றனவே" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்தக் கம்பெனிகளுக்குள் யார் நுழைகிறார்கள், நுழைந்தவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று யாரும் பேசுவதில்லை.

முதலில் பணக் கணக்கு. வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தேர்வுகள், மருத்துவத் தகுதி எல்லாம் சேர்த்து 50 லட்ச ரூபாயை ஒட்டிச் செலவாகிறது. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான 'டைப் ரேட்டிங்' தனி. அதற்கும் பல லட்சம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். அந்த வரம்பில் இருக்கும் ஒரு குடும்பம் உண்ணாமல் உடுக்காமல் 20 ஆண்டுகள் சேர்த்தால்தான் 50 லட்சம் வரும். வங்கிக்குப் போனால், 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். பட்டாவே இல்லாத வீட்டில் வாழ்கிறவர் எதை அடமானம் வைப்பார்? எப்படியோ புரட்டி 11 சதவீத வட்டிக்கு 10 ஆண்டுக் கடன் வாங்கினாலும், மாதத் தவணை ஏறத்தாழ 69 ஆயிரம்.

இனி வேலை. இண்டிகோ 500 விமானங்களும் ஏர் இந்தியா 470 விமானங்களும் வாங்க ஒப்பந்தம் போட்ட 2023இல், டிஜிசிஏ 1,622 வணிக உரிமங்களை வழங்கியது. விமானம் வருகிறது, வேலையும் வரும் என்று நம்புவது இயல்பு. ஆனால் இந்தத் தொழிலில் ஆள் எடுப்பது அலை அலையாக நடக்கும். 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட் என்று ஒவ்வொரு நிறுவனமும் நின்றபோது, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன்கள் அதே வேலைச் சந்தைக்கு வந்து நின்றார்கள். 200 மணி நேரத்தோடு வரும் புதியவருக்கு வரிசையில் அவர்களுக்குப் பின்னால்தான் இடம்.

பிரைவேட் ஜெட் நிறுவனங்களில் இந்த நிலை இன்னும் கடினம். ஒன்று, இரண்டு விமானங்களை மட்டும் வைத்து நடத்துபவர்கள் பலர். அங்கே கோ-பைலட் இடம் எப்போதாவதுதான் காலியாகும். அதற்குப் பெரிய விமான நிறுவனங்களைப் போல விளம்பரம், எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை என்று வெளிப்படையான வழி பெரும்பாலும் இருப்பதில்லை. "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்ற ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். சமூகவியலில் இதைச் சமூக மூலதனம் என்பார்கள். நம் ஊர் மொழியில் சொந்தபந்தம், சாதி. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லாதபோது அந்த 'நம்ம ஆள்' யாராக இருப்பார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே போனவரின் நிலை என்ன? நல்லதும் உண்டு. சம்பளம் மற்ற பல வேலைகளைவிட அதிகம். பல ஊர்களுக்குப் பறக்கும் அனுபவம் கிடைக்கும். ஆனால் கால அட்டவணை இல்லாத சேவை என்பதால், முதலாளி எப்போது கிளம்புகிறாரோ அப்போதுதான் விமானம் கிளம்பும். போன் எப்போது அடித்தாலும் எடுக்க வேண்டும். காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கூட்டமோ கல்யாணமோ முடியும்வரை காத்திருந்து, இரவில் திரும்ப வேண்டும். பறந்தது 3 மணி நேரம்தான். வேலைநாளோ விடியலில் தொடங்கியது. அனுமதி வாங்குவது, எரிபொருளுக்கு ஏற்பாடு செய்வது, சில இடங்களில் பெட்டி ஏற்றுவதுகூட விமானியின் தலையில் விழும். பறந்த மணி நேரம் மெதுவாகவே சேரும். பிறகு ஏர்லைன்ஸுக்கு மாற நினைத்தால், ஏர்பஸ்ஸுக்கோ போயிங்குக்கோ மறுபடி டைப் ரேட்டிங், மறுபடி கடன்.

இது வெறும் சம்பளப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. விதிப்படி விமானத்தில் இறுதி முடிவு கேப்டனுடையது. வானிலை சரியில்லை என்றால் "பறக்க முடியாது" என்று சொல்ல அவருக்கு முழு அதிகாரம் உண்டு. ஆனால் பின்னிருக்கையில் தொழிலதிபரோ, அமைச்சரோ, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட தலைவரோ உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சொல் எளிதில் வாயில் வராது. ஏர்லைன்ஸ் கேப்டன் மறுத்தால் பயணிகள் திட்டுவார்கள், வேலை போகாது. இங்கே பயணியே முதலாளி, அல்லது முதலாளிக்குப் படியளப்பவர். மாதம் 69 ஆயிரம் தவணை கட்டுகிறவர், தன்னைப் பரிந்துரைக்க வேறு ஆளில்லாதவர், குடும்பத்தின் முதல் பட்டதாரி... இவரால் எத்தனை முறை மறுக்க முடியும்?

2001 செப்டம்பர் 30 அன்று கான்பூர் கூட்டத்துக்குத் தனியார் விமானத்தில் சென்ற மாதவராவ் சிந்தியாவும் உடனிருந்த 7 பேரும் மெயின்புரி அருகே இறந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 3 அன்று, மக்களவையின் முதல் தலித் சபாநாயகர் ஜி.எம்.சி. பாலயோகியை ஆந்திராவின் கைகலூர் அருகே தனியார் ஹெலிகாப்டர் விபத்தில் இழந்தோம். பார்வைத் தெளிவு குறைந்த காலைப் பொழுது அது. 2018 ஜூன் 28 அன்று மும்பை காட்கோபரில் சிறு விமானம் ஒன்று விழுந்தபோது உள்ளே இருந்த 4 பேரோடு தெருவில் இருந்த ஒருவரும் இறந்தார். எந்த விபத்துக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. இந்த விமானிகள் வற்புறுத்தப்பட்டார்கள் என்றும் நாம் சொல்லவில்லை. விமானி தயக்கமில்லாமல் மறுக்கக்கூடிய நிலையில் இருப்பது எல்லோருடைய உயிருக்கும் காவல் என்கிறோம். தேர்தல் காலப் பறப்புகளுக்கு டிஜிசிஏ வழிகாட்டுதல்கள் வெளியிடுகிறது. வேலை பறிபோகும் பயத்தை வழிகாட்டுதலால் நீக்க முடியுமா?

ஓய்வு விஷயத்தையும் பாருங்கள். வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதிக்காக ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கங்கள் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. புதிய விதிகள் முழுமையாக வந்த சில வாரங்களில், 2025 டிசம்பரில், இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகின. உடனே அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கிடைத்தது. சங்கம் உள்ள இடத்திலேயே இதுதான் நிலை. நான்கு விமானிகள் மட்டும் இருக்கும் கம்பெனியில் எந்தச் சங்கம் வந்து நிற்கும்?

"லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவர் தொழிலாளியா?" என்று சிலர் கேட்பார்கள். கிங் ஏர்வேஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: விமானி செய்வது திறன் சார்ந்த, தொழில்நுட்ப வேலை, சம்பளம் அதிகம் என்பதாலேயே அவர் தொழிலாளி அல்லாதவர் ஆகிவிட மாட்டார். சீருடையின் தோளில் நான்கு பட்டை இருந்தாலும், வேலையை விட்டு நீக்கப்படும்போது அவர் தொழிலாளிதான்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் தலித் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசிய அண்ணல் அம்பேத்கர், நம்மவர்கள் கேங்மேன்களாகவே காலம் தள்ளுவதைச் சுட்டிக்காட்டினார். போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும்; தீண்டாமை அந்த வேலையையும் அடைத்துவிட்டது என்றார். இன்று விமான நிலையக் கழிப்பறையை ஒப்பந்தக் கூலிக்குச் சுத்தம் செய்பவர் யார், ஓடுபாதையில் காத்திருக்கும் ஜெட்டின் முன்னிருக்கையில் இருப்பவர் யார் என்று பாருங்கள். வாகனம் மாறியிருக்கிறது. கதவு மாறவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. விமானிப் பயிற்சிக்குத் தேர்வாகும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் முழுச் செலவையும், டைப் ரேட்டிங் உட்பட, அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும். 'கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்' என்பது நமக்குச் சலுகையே அல்ல. பறக்கும் உரிமத்தை அரசிடம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் விமானிப் பணியிடங்களைப் பொதுவில் அறிவித்து நிரப்ப வேண்டும். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பறக்க மறுத்த விமானியை நீக்கினாலோ சம்பளத்தைப் பிடித்தாலோ அந்த உரிமத்தின் மீதே நடவடிக்கை வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். முதல் தவணை கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அதில் தேறாவிட்டால் கட்டிய பணம் வீண். வேலை வாக்குறுதி தரும் நிலையத்திடம் அதை எழுத்தில் கேளுங்கள். ஜெட் கம்பெனியில் வேலை வந்தால், எத்தனை விமானம், எத்தனை விமானி, சம்பளம் மாதத்துக்கா, பறந்த மணிக்கா, பாண்ட் எத்தனை ஆண்டு என்று கேட்டு, ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த இருக்கை நமக்கும் உரியது. அதில் கடனாளியாகப் போய் உட்கார வேண்டிய நிலையைத்தான் நாம் மாற்ற வேண்டும்.