குற்றவாளி யாரென்று தெரியாவிட்டால் போராட்டம் நிற்க வேண்டுமா?

"யார் செய்தது என்றே தெரியவில்லையே, பிறகு யாரை எதிர்த்துக் கொடி பிடிக்கிறீர்கள்?"

நம்மை நோக்கி வீசப்படும் கேள்வி இது. ஊர்ப் பெரியதனக்காரர்கள் கேட்கிறார்கள். அதிகாரிகள் கேட்கிறார்கள். நம்மவர்களிலும் சிலர் இந்தப் பேச்சில் மயங்கி, "ஆள் அகப்படட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தென்னேரியிலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயல் வெகு தூரம். ஆனால் அங்கே நடந்தது, தென்னேரி ஏரிப் பாசனத்தில் நாற்று நடுகிறவர்களும் காஞ்சியில் தறியில் உட்காருகிறவர்களும் மறக்கக்கூடாத சங்கதி.

2022 டிசம்பர். இறையூரைச் சேர்ந்த வேங்கைவயல் தெருவில், தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். குடிதண்ணீரைக் கவனியுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். 26-ந் தேதி இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம்! பெற்ற பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்த தாயின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

மறுநாள் மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும், போலீஸ் சூப்பரிண்டெண்டு வந்திதா பாண்டேயும் ஊருக்கு வந்தார்கள். வந்த அன்றே இரண்டு விஷயங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. டீக்கடையில் தாழ்த்தப்பட்டவருக்குத் தனிக் குவளை. அய்யனார் கோயிலில் அவர்களுக்கு அனுமதி இல்லை. அதிகாரிகள் அம்மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள், வழக்குகள் பதிவாயின.

தோழர்களே, இங்கேதான் நிதானித்து யோசிக்க வேண்டும். தொட்டியில் மலம் போட்ட கை யாருடையது என்று தெரியவில்லை, சரி. தனிக் குவளையில் டீ ஊற்றிய கை யாருடையது என்று தெரியாதா? கோயில் வாசலில் தடுத்தவர்கள் யாரென்று தெரியாதா? ஊருக்கே தெரியும். தாசில்தாருக்குத் தெரியாதா? போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரியாதா? அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. 1955-லேயே அதைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. இவ்வளவும் இருந்தும், தொட்டியில் மலம் விழுந்த பிறகுதானே அந்தக் குவளை அதிகாரிகளின் கண்ணில் பட்டது! தெரிந்த அநீதியை இத்தனை காலம் விட்டுவைத்தவர்கள், தெரியாத குற்றவாளியைக் காட்டி நம்மைக் காத்திருக்கச் சொல்வது என்ன நியாயம்?

காத்திருந்ததன் பலனையும் பாருங்கள். 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போயிற்று. மரபணுச் சோதனை நடந்தது. உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் கமிஷன் வைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் யார் பெயர்? வேங்கைவயலின் தாழ்த்தப்பட்ட மக்களைச் சேர்ந்த மூவர் பெயர்! அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. இடதுசாரிக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் சி.பி.ஐ. விசாரணை கேட்டன. குற்றப்பத்திரிகை என்பது தீர்ப்பல்ல. எதையும் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்கிறோம்: தீர்ப்பு எப்படி வந்தாலும் தனிக் குவளை நியாயமாகிவிடாது. கோயில் தடை நியாயமாகிவிடாது.

தஞ்சைத் தரணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. நாகை கோர்ட் மிராசுதார்களைத் தண்டித்தது. உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. சட்டத்தின் ஏட்டில் குற்றவாளியே இல்லாமல் போயிற்று! ஆனால் விவசாயத் தொழிலாளிகள் தீர்ப்புக்காகச் செங்கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. கூலிப் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். அரசு கணபதியாபிள்ளை கமிஷனை வைத்தது. 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கொளுத்திய கை தப்பித்தது. ஆனால் அந்தக் கைக்குத் துணிச்சல் கொடுத்த மிராசு ஆதிக்கம் ஆட்டம் கண்டது.

ஆலைத் தொழிலாளிக்கும் இந்தத் தந்திரம் புதிதல்ல. மிஷினில் விரல் போனால் நிர்வாகம் காண்டிராக்டரைக் காட்டும். காண்டிராக்டர் துணைக் காண்டிராக்டரைக் காட்டுவார். நெசவாளிக்குக் கூலி குறைந்தால் முதலாளி கடைக்காரரைக் காட்டுவார். கடைக்காரர் மார்க்கெட்டைக் காட்டுவார். கடைசியில் விரலை வெட்டியவனும் இல்லை, கூலியைக் குறைத்தவனும் இல்லை! ஆளைத் தேடி அலையாமல் மிஷினுக்குத் தடுப்புப் போடு, கூலியை உயர்த்து என்று சங்கம் கேட்கும்போதுதான் வழி பிறக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆள் தெரியாத ஆத்திரத்தில் சந்தேகப்பட்டவனைப் பிடித்து அடிப்பதும், ஒரு ஜாதி முழுவதையும் பழிப்பதும் நமது வழியல்ல. அடுத்த தெருவில் குடியிருப்பவனும் நம்மைப் போலக் கூலிக்காரன்தான். இரு தெருவும் மோதிக்கொண்டால் லாபம் யாருக்கு? இரு தெருவையும் சுரண்டுகிறவனுக்கே.

ஆகவே நாம் கேட்பது என்ன? உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடி. அதில் தளர்வு கூடாது. அதோடு, ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு தொட்டி? எல்லாத் தெருவுக்கும் பொதுத் தொட்டி வேண்டும். தனிக் குவளை எங்கே இருந்தாலும் உடனே வழக்குப் போடு. கோயிலிலும் சுடுகாட்டுப் பாதையிலும் சம உரிமை கொடு. தெரிந்தே கடமை தவறும் அதிகாரியைத் தண்டிக்க 1989-ம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவு இருக்கிறது. அதை ஏட்டிலிருந்து எடுத்து நடைமுறைப்படுத்து.

இந்தக் கோரிக்கைகளில் எதற்கும் குற்றவாளியின் பெயர் தேவையில்லை. நமது ஒற்றுமைதான் தேவை. தோழர்களே, உங்கள் ஊர் டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் என்ன நடக்கிறது என்று நாளைக்கே பாருங்கள். கண்டதைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்!