வில்லுக்கத்தியை வீசாதீர்கள்



நம்மில் பலருடைய வீட்டு லாச்சியில் ஒரு பழைய வில்லுக்கத்தி கிடக்கும். மூத்தப்பா வட்டைக்குப் போகும்போது மடியில் செருகிக்கொண்டு போனது. மூட்டைக் கயிறு அறுக்க, பாக்குச் சீவ, மாங்காய் வெட்ட எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். இப்போது மடக்கினால் இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசும், அல்லது ஒரு அலகு சரிந்து பக்கத் தகட்டில் முட்டும். "இது பழுது" என்று ஒதுக்கிவிட்டு, சந்தையில் ஆறு மாதம் தாங்காத பிளாஸ்டிக் பிடிக் கத்தி வாங்குகிறோம்.

எங்கள் வீட்டுக் கத்தி பழுதான கதை வேறு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல் நடந்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தது. அன்றாட வேலைக்கான கத்திகள் அதில் சேராது என்றும் சொன்னார்கள். அந்தப் பயத்தில் அது யார் காதில் ஏறியது? பாக்குவெட்டியைக்கூடக் கிணற்றில் போட்டவர்களை அறிவோம். உம்மா, மூத்தப்பாவின் கத்தியைச் சீலையில் சுற்றிக் கோழிக்கூட்டின் அடியில் புதைத்தார். விரல் நீளக் கத்தி! இரண்டு மாரி கழித்துத் தோண்டி எடுத்தபோது கறள் ஏறி, திறக்கவே மறுத்தது. ஷெபீல்டில் செய்த கத்தி அது.

பிறகு நாங்கள் செய்தது அதைவிடப் பெரிய பிழை. பலவந்தமாகத் திறந்து, உரசுகிற இடத்தைக் கிரைண்டரில் தேய்த்துத் தரச் சொன்னோம். சூடேறி நுனி நீலம் பாய்ந்தது. நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், அந்த இடத்தில் கூர் நிற்காது.

கடைசியில் பக்கத்துத் தமிழ் ஊர்க் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஐயா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் சேர் இதைக் கிரைண்டர்ல வெச்சது?" என்றார். பேசாமல் நின்றோம்.

அவர் சொன்ன முதல் விஷயமே எங்களுக்குப் புதிது. ஒடுங்கிய ஒரே பிளவுக்குள் இரண்டு அலகு படுக்க வேண்டுமென்றால், செய்தவனே அலகின் அடியைச் சற்றே ஒரு பக்கம் வளைத்திருப்பான். நாம் அதைக் கோணல் என்று நினைத்து நேராக்கினால்தான் உரசும்.

முதலில் அழுக்கு. ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் பிளவைச் சுத்தம் செய்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டார். தேங்காய் எண்ணெய் நாளானால் பசையாகிவிடுமாம் (எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான்!). பாதிக் கத்திகள் இதிலேயே சரியாகிவிடும் என்றார். அடுத்து அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்தார். ஆடினால் ஆணி தளர்ந்திருக்கிறது. ஆணியின் ஒரு முனையை இரும்பில் வைத்து மறுமுனையில் சின்னச் சுத்தியலால் மெல்ல நாலு தட்டு, திறந்து மூடிப் பார்ப்பது, மீண்டும் இரண்டு தட்டு. அதிகம் தட்டினால் பிறகு திறக்க நகம் பிய்யும். ஆணி இறுகிய பிறகும் உரசினால்தான் அலகில் கை வைப்பார். அதுவும் அடியில், கூர் தொடங்குமுன் உள்ள மெதுவான பகுதியில் மட்டும். நடுவில் வளைத்தால் உருக்கு முறிந்துவிடும்.

எங்களுடையதற்கு ஆணியோடு வேலை முடிந்தது. 300 ரூபா கேட்டார். அவருடைய மகன் கட்டாரில். பட்டறையில் பழக வேறு யாரும் இல்லை.

வகுப்பில் தொழினுட்பப் பாடத்துக்குப் பொறிகளைப் படமாக வரைய வைக்கிறோம். ஓர் ஆணி தளர்ந்ததைக் கையால் உணர்ந்த பிள்ளை எத்தனை பேர்? (கத்தியைப் பாடசாலைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை, பெற்றோர் கோபிக்க வேண்டாம். விடுமுறையில் வாப்பாவோ பெரியப்பாவோ கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையைக் காட்டலாம்.)

லாச்சியில் அப்படி ஒன்று கிடந்தால் கிரைண்டர்காரரிடம் கொடுக்காதீர்கள். இன்பொக்ஸில் கேளுங்கள், பட்டறைக்கு வழி சொல்கிறோம். வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும்.