விசாவுக்கென்றால் கை நீட்டுவோம்



நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் பாலியல் நோய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று போன கிழமை ஒரு வட்ஸ்அப் குழுமத்தில் எழுதினேன். பத்து நிமிஷத்தில் பாய்ந்துவிட்டார்கள். "சேர், இது எங்கட ஊருக்குத் தேவையில்லாத கதை. தப்புச் செய்றவனுக்குத்தான் அது."

அப்படியா? கட்டார், சவூதி போக மெடிக்கல் எடுக்கிறோமே, அதில் என்ன பார்க்கிறார்கள்? எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் அதில் இருக்கின்றன. "நான் தப்பானவனா?" என்று அங்கே யாராவது சண்டை பிடித்தோமா? கபீலுக்காக நீட்டிய கையை, கட்டப்போகிற பிள்ளைக்காக நீட்ட மட்டும் வெட்கம்.

எங்கட பெண்களைப் பாருங்கள். கர்ப்பிணி கிளினிக்கில் அவர்களுக்கு இந்த இரண்டு நோய்க்கும் இரத்தம் சோதிக்கிறார்கள். இவை தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. அதற்காகக் கை நீட்டியவர்கள் தாய்மார்கள். நாம் எங்கே நின்றோம்?

புருஷனைத் தவிர வேறு யாரையும் அறியாதவளுக்கு இந்தத் தொற்று எங்கிருந்து வரும்? ஆனாலும் ஊர்ப்பேச்சு விழுவது அவள் தலையில். கிளமிடியா, கொனோரியா பல பெண்களுக்கு ஓர் அறிகுறியும் காட்டாது. கவனியாமல் விட்டால் பிள்ளை தங்காமலே போகலாம். அப்போது "மலடி" பட்டமும் அவளுக்குத்தான். சில வீடுகளில் இரண்டாம் நிக்காஹ் பேச்சும் தொடங்கிவிடும்.

"பரிசோதனை ஸினாவுக்குக் கதவு திறக்கும்" என்கிறார்கள். ஸினா ஹராம். அதில் இரண்டாம் பேச்சில்லை. தவ்பா செய்தவனை அல்லாஹ் மன்னிப்பான். ஆனால் இரத்தத்தில் இருக்கிற கிருமிக்கு மருந்தும் எடுக்க வேண்டும். சிபிலிஸ் பெனிசிலின் ஊசியில் குணமாகும். கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் மருந்து உண்டு. எச்.ஐ.வி.யையும் தினமும் மாத்திரை எடுத்துக் கட்டுப்படுத்தலாம். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

பாலத்தைத் தாண்டினால் திருகோணமலை பெரியாஸ்பத்திரி. அங்கே இதற்கென்றே கிளினிக் இருக்கிறது. காசு தேவையில்லை, டொக்டரின் கடிதம் தேவையில்லை, இரகசியம் காப்பார்கள்.

பள்ளி நிர்வாகிகளே, மகர் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். இரண்டு பக்கமும் இரத்தம் சோதித்தாயிற்றா என்றும் கேளுங்கள். ரிப்போர்ட்டை உங்களுக்குக் காட்டத் தேவையில்லை. அவர்கள் இருவரும் பார்த்தால் போதும்.

கமெண்டில் ஏசுகிறவர்கள் ஏசுங்கள். அதற்கு முதல் ஒருக்கா போய்ச் சோதித்துவிட்டு வாருங்கள்.