கர்ப்ப ஸ்திரீக்கு ஊசியும் மதகுருமார் கூச்சலும்

கர்ப்பமான பெண்ணுக்குச் சீமந்தம், தாயத்து, திருஷ்டி கழித்தல் என்று என்ன கூத்து நடத்தினாலும் “இதனால் குழந்தைக்கு ஆபத்து வருமோ?” என்று எவனும் கேட்பதில்லை. டாக்டர் தடுப்பூசி போடவேண்டுமென்றால் மாத்திரம் மாமனார் முதல் மந்திரவாதி வரை எல்லோருக்கும் எங்கிருந்தோ ஆராய்ச்சிப் புத்தி பிறந்துவிடுகின்றது! கேள்வி கேட்பதை நாம் குறை சொல்லவில்லை, கேட்கத்தான் வேண்டும். பதில் வந்தபின்பு காதைப் பொத்திக்கொள்வது யோக்கியமா?

சங்கதி இதுதான். ரணஜன்னிக் கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றது. அழுக்குக் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்துச் சாணத்தையும் சாம்பலையும் அப்பினால் அது சிசுவின் உடம்பிற்குள் புகுந்துவிடுகின்றது. இரண்டு நாள் நன்றாய்ப் பால் குடித்த சிசு பிறகு வாய் கிட்டி, உடம்பு வில்லாய் வளைந்து சாகின்றது. இதற்குப் பேயென்றும் தோஷமென்றும் பெயரிட்டு எவ்வளவு தட்சணை பிடுங்கினார்கள்! 1988-ல் மாத்திரம் உலகத்தில் சுமார் 7,87,000 சிசுக்கள் இவ்விதம் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. 2018-ல் அது சுமார் 25,000 ஆகக் குறைந்தது. இந்தியாவில் ஒவ்வொரு ஜில்லாவிலும் ஆயிரம் பிரசவத்திற்கு ஒன்றுக்கும் குறைவென்று 2015-ல் ஊர்ஜிதமாயிற்று. எந்த அம்மன் செய்தாள் இதை? தாய்க்குப் போட்ட ஊசியும் சுத்தமான பிரசவமும் செய்த வேலையல்லவா?

அந்த ஊசியில் உயிருள்ள கிருமியே கிடையாது. கிருமியின் விஷத்தைக் கெடுதலற்றதாக்கிச் செய்த மருந்து அது. தாயின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நச்சுக்கொடி வழியாய்ச் சிசுவிற்கும் போகின்றது. போட்ட இடத்தில் வலியும், சிலருக்கு இலேசான காய்ச்சலும் உண்டு. சின்னம்மை, ரூபெல்லா ஊசிகளில் உயிருள்ள கிருமி இருப்பதால் அவற்றைக் கர்ப்ப காலத்தில் போடக்கூடாதென்று தடுப்பவர்களும் இதே டாக்டர்கள்தான். எது ஆகும், எது ஆகாது என்று பிரித்துச் சொல்லுகிறவனை நம்பாமல், எல்லாவற்றிற்கும் ஒரே விபூதியைக் கொடுப்பவனையா நம்புவது?

இந்தப் புரட்டு நம் நாட்டிற்கு மாத்திரம் சொந்தமல்ல. 2014-ல் கென்யா தேசத்துக் கத்தோலிக்க பிஷப்புகள், ரணஜன்னி ஊசியில் பெண்களை மலடாக்கும் சரக்கு கலந்திருப்பதாகக் கிளப்பிவிட்டார்கள். சர்க்காரும் உலக சுகாதார ஸ்தாபனமும் மறுத்தும் விடவில்லை. அப்பா பிஷப்புகளே! பல வருஷங்களாய்க் கோடிக்கணக்கான கர்ப்பிணிகள் இதே ஊசியைப் போட்டுக்கொண்ட நம் நாட்டில் தொட்டில் கட்டுவது நின்றுபோய்விட்டதா?

முதல் கர்ப்பமானால் தெரிந்தவுடன் ஓர் ஊசி, நான்கு வாரம் கழித்து மற்றொன்று. அந்த இரண்டையும் போட்டுக்கொண்டவள் மூன்று வருஷத்திற்குள் மறுபடி கர்ப்பமானால் ஒன்றே போதும். இப்போது தொண்டையடைப்பான் மருந்தும் அதிலேயே சேர்ந்திருக்கின்றது. நாள் நட்சத்திரம் பார்க்கவேண்டியதில்லை. புருஷனின் உத்தரவும் வேண்டியதில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசும் கேட்கமாட்டார்கள்.