நோயாளியைப் பார்க்காத டாக்டரா?

“அரசு சீட்டில் படித்த டாக்டர் ஆராய்ச்சிக்குப் போனால், மீஞ்சூர் பக்கத்து ஏழைக்கு ஒரு டாக்டர் குறைகிறார்” என்கிறார் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பர். அக்கறை நியாயமானது, கணக்குதான் தப்பு.

1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியபோது, நோய் வந்தவர் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதே வழக்கம். படுக்கை கிடைப்பதோ அரிது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான டாக்டர்கள் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வீட்டிலும் மறுபாதியை சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நெரிசலான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. ஆனாலும் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் முடிவு வெளியானது. உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. இன்று காட்டுப்பள்ளியில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி மாத்திரையை இருந்த இடத்திலேயே விழுங்க முடிவது அதனால்தான். எத்தனை புறநோயாளிச் சீட்டு எழுதினால் இதற்கு ஈடாகும்?

ஆராய்ச்சிக்குப் போன டாக்டர்கள் நோயாளியை விட்டு விலகியவர்களும் அல்லர். 1992-ல் அதே மையத்தில் சேர்ந்த குழந்தை மருத்துவர் சௌம்யா சுவாமிநாதன் குழந்தைகளின் காசநோயை ஆராய்ந்தார். 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார்.

ஆள் பற்றாக்குறைக்குக் காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லுங்கள், நண்பரே. கூடவே, உங்கள் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே வாழ்பவர்களின் நுரையீரலைத் தொடர்ந்து ஆராய, ஓ.பி. வேலையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் விடுவிக்கப்பட்ட ஒரு டாக்டரையும் கேளுங்கள்.